அறுபத்தொன்று

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏழாம் எண் அறையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருப்பாள்: "ஊது, ஊது, ஊது! விடாதே! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் காவலாளியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான்தான் கதவைத் திறந்து காட்டினேன். நாற்காலியில் ஒரு பொடியன், மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். எதிரே தரையில் முட்டி போட்டபடி எங்கள் ஊதக்கா.

அவளுக்கு வேறு பேர் உண்டு. பிள்ளைகள் வைத்த பேர்தான் நிலைத்தது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது அவள் வேலை. கதவருகே நின்று பேர் கூப்பிடுவதும், மூக்குக் கிளிப்புகளைக் கழுவிக் காயவைப்பதும் என் வேலை. பதினெட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. பொழுது சாய்ந்தால் அவளுக்குக் குரலே இருக்காது. பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், "தொண்டையை அங்கேயே வச்சுப் பூட்டிட்டு வந்துடுறா, எனக்கு நிம்மதி" என்பார். மனுஷர் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

இந்தச் சோதனையில் ஊசி குத்துவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை. ஆனால் குழந்தை மனசு வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. மூச்சை முட்ட இழுத்து, அடியோடு வெளியே தள்ள வேண்டும். திரையில் ஆறு மெழுகுவத்தி எரியும். ஊத ஊத ஒவ்வொன்றாக அணையும். அந்த வயசுக்கும் உயரத்துக்கும் நூறு வரவேண்டிய இடத்தில் இந்தப் பிள்ளைக்கு எத்தனை என்று மெஷின் சொல்லும். மூன்று முறை ஊத வேண்டும். மூன்றில் எது அதிகமோ அதைத்தான் எழுதுவார்கள். அழுகிற பிள்ளையானாலும் சரி, அடம்பிடிக்கிற பிள்ளையானாலும் சரி, ஊதக்கா கையில் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற கடைசிச் சொட்டு மூச்சுவரை வெளியே வந்தாக வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வருஷம் புதிதாக ஓர் ஊசி வந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத குழந்தைகளுக்கு மாதம் ஒன்று. வெளியே வாங்கினால் குடும்பமே குடைசாய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் பேருக்கு மட்டும் இலவசம். யாருக்கு என்றால், அறுபதுக்குக் கீழே ஊதுகிற பிள்ளைக்கு. ஐம்பத்தொன்பது என்றால் உண்டு, அறுபது என்றால் கிடையாது. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இந்தக் கோட்டைக் கிழித்தானோ, அவன் பிள்ளைக்கு ஒரு ராத்திரி இரைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த ஊசிக்காகத்தான் ஓட்டைப்பல் வந்தாள். ஏழு வயசு. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அந்த வருஷம் மட்டும் நான்கு தடவை அவசரப் பிரிவில் படுத்து எழுந்தவள். அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள்; புறங்கை முழுக்கச் சுட்ட தழும்பு. வராந்தாவில் அவள் என்னிடம், ஊசி கிடைக்குமா என்று கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அறுபதைத் தாண்டிட்டா கிடைக்காதும்மா" என்றேன்.

அவள் பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னாள்.

முதல் ஊதலிலேயே ஊதக்காவுக்குப் புரிந்துவிட்டது. உண்மையாக ஊதினால் திரையில் கோடு செங்குத்தாக ஏறிச் சறுக்கிக்கொண்டு இறங்கும். இது தொந்தி மாதிரி மொழுக்கென்று இருந்தது. மெஷினும் செல்லாது என்று காட்டியது.

"யாரு பாப்பா மெதுவா ஊதச் சொன்னது?"

ஓட்டைப்பல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். நான் கிளிப் டப்பாவைப் பார்த்தேன்.

ஊதக்கா கோபப்படவில்லை. என் பக்கம் குனிந்து, "பாவம், பயப்படுறாங்க. இந்த நெஞ்சைப் பார்த்தாலே தெரியுது, ஐம்பத்தஞ்சைத் தாண்டாது. ஒழுங்கா ஊதினாத்தான் மெஷின் ஏத்துக்கும், ஊசியும் கிடைக்கும்" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கணிப்பு தப்பி நான் பார்த்ததில்லை. அதனால் நானும் சரியென்றேன்.

அடுத்தது ஐம்பத்தேழு. அதற்கடுத்தது ஐம்பத்தெட்டு. இன்னும் ஒன்று பாக்கி.

"கண்ணு, ஒரே ஒரு மெழுகுவத்திதான் மிச்சம். அதை விட்டுட்டா போவே? இழு, இழு, இழு... ஊது!"

என்னத்தைச் சொல்ல. அந்தப் பிள்ளை ஊதியது. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதியது. ஊதக்கா கத்தினாள். ஆறாவது மெழுகுவத்தியும் அணைந்தது. முதலில் கைதட்டியது நான்தான். ஓட்டைப்பல் குதித்துக்கொண்டு, "அம்மா, எல்லாத்தையும் அணைச்சிட்டேன்!" என்றாள்.

திரையில் அறுபத்தொன்று.

அம்மா எண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தாள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அழிச்சிடு" என்றேன், உதடு அசையாமல். "இருமல் வந்துச்சு, செல்லாதுன்னு போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

ஊதக்காவின் விரல் அந்தப் பொத்தான்மேல்தான் இருந்தது. அழித்தால் திரையில் ஆறு மெழுகுவத்தியும் திரும்ப எரியும். ஓட்டைப்பல் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு, "நான் ஜெயிச்சேன்ல அக்கா?" என்றாள்.

"ஆமாண்டா தங்கம்" என்று சொல்லிவிட்டு, ஊதக்கா அறுபத்தொன்றைப் பதிவு செய்தாள்.

அன்றைக்கு அவளை நான் திட்டாத திட்டில்லை. "பெரிய அரிச்சந்திரி! உன் உண்மையைக் கொண்டுபோய் உப்புப் போட்டு ஊறவை" என்றேன். மறுநாளே பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். இரண்டு முறை ஐம்பதுகளில் வந்தது, ஒன்றுதான் தாண்டியது என்று சொல்லிப் பார்த்தாள். "நீங்க எடுத்ததுதானே? உங்க ரிப்போர்ட்டை நான் எப்பவும் சந்தேகப்பட்டதில்லை. நல்லாத்தானே ஊதியிருக்கா" என்றாராம் அவர். மறு சோதனை ஆறு மாதம் கழித்துத்தான் என்று விதி.

நான்காம் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நகமெல்லாம் நீலம். பதினோரு நாள் செயற்கை மூச்சில் கிடந்தாள். ஊதக்கா தினமும் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அந்த வார்டு வாசல்வரை போவாள். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பி வருவாள். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. வராந்தாவில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கைதட்டாமல் இருந்திருந்தால் என்று எனக்கும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஆறாம் மாதம் மறு சோதனைக்கு நான்தான் பேர் கூப்பிட்டேன். அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏழு வயசுப் பிள்ளையை. ஓட்டையில் பாதிப் பல் முளைத்திருந்தது.

ஊதக்கா முட்டி போட்டு உட்கார்ந்தாள். "ஊது" என்றாள். கத்தவில்லை, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அன்னைக்கு மாதிரி சத்தமா சொல்லுங்க அக்கா. அப்போதான் எனக்கு வரும்."

ஊதக்கா கத்தினாள். உடைந்த குரலில், கண்ணில் தண்ணீர் வழிய, "ஊது, ஊது, இன்னும் இருக்கு" என்று கத்தினாள். இனி ஒன்றும் இல்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளை மூன்று முறையும் மனசார ஊதியது. இரண்டு மெழுகுவத்திகள் அணைந்தன. மூன்றில் அதிகமானது நாற்பத்திரண்டு.

"நான் சரியா ஊதலையா அக்கா? யாருமே கைதட்டலையே?"

நான் கைதட்டினேன். ஒரு ஆள் தட்டுகிற சத்தம் அந்த அறையில் அசிங்கமாக இருந்தது.

அம்மா பிள்ளையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கோபமே இல்லாத குரலில், ஏதோ மாத்திரைச் சீட்டைச் சரிபார்ப்பவள் போலத்தான் கேட்டாள்:

"இப்போ போதுமா சிஸ்டர்?"