நல்ல ஈட்டியை யார் விற்பார்?

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வாய் திறக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். கோபன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தில் வார இறுதி வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பித்ததும், கிரீன்லாந்து அறையில் இருக்கும், அங்குள்ள இனுயிட் மக்களின் வேட்டைக் கருவிகள் அத்தனையின் நீளத்தையும் மனப்பாடம் செய்தேன். அவற்றை வாங்கி வந்த பழைய துருவப் பயணி ஒருவரின் குறிப்புகளையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

வேலை கிடைக்குமா என்பதை ஒரே ஒரு சோதனைச் சுற்றில் முடிவு செய்வதாகப் பொறுப்பாளர் அம்மையார் சொன்னார். தெரிந்தவர்களைக் கூட்டி வந்து விளக்க வேண்டும். அவர் பின்னால் நின்று கேட்பார். என் நண்பர்களுக்கெல்லாம் பரீட்சை. ஆகவே புறநகரான இஷொயிலிருந்து ரயிலேறி அம்மாவும் சின்னம்மாவும் வந்தார்கள், கல்யாண வீட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு.

நான் டேனிஷில் தொடங்கினேன். எறியீட்டியின் முனை சீல் என்னும் கடல்நாயின் உடம்பில் தங்கிவிடும், பிடி கழன்று மிதக்கும் என்று விளக்கிக்கொண்டு போனேன்.

“விளங்குது ராசா, இடையில மூச்சும் விடு,” என்றார் சின்னம்மா.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் நீண்ட ஈட்டி ஒன்று. “இது ஒரு வேட்டைக்காரரின் மிகச் சிறந்த ஈட்டி. இரண்டு தையல் ஊசிக்காகப் பயணியிடம் கொடுத்துவிட்டார். நடுவில் விலங்கு நரம்பு சுற்றியிருப்பது அலங்காரம்,” என்றேன்.

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லதை ஆரடா விப்பினம்?”

“அவர் அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கிறார், சின்னம்மா.”

“அவர் வாங்கினவரெல்லோ! நானும் போன மாசம் என்ரை பழைய சைக்கிளை மினுக்கி வித்தனான். கியர் வழுக்கிறதைச் சொன்னனானே? வாங்கின மனுசன் ‘அருமையான சைக்கிள்’ எண்டு இணையத்தில எழுதி விட்டிருக்கு.”

“மெல்லக் கதையடி,” என்றார் அம்மா. “அந்த மனிசி பாக்குது. பெடியன்ரை வேலையைக் கெடுக்கப் போறாய்.”

என்ன சிரிப்பு என்று பொறுப்பாளர் கேட்டார். கூரை அழகாக இருக்கிறதாம் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன், வாய் வரவில்லை. சைக்கிள் உட்பட எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்தார். நரம்புச் சுற்றுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. அலங்காரமில்லை, உடைப்புக்குப் போட்ட கட்டு! இரண்டு வாரமாக அதே இடத்தில் நின்றுதான் படித்தேன். ஈட்டியின் நீளம் சென்ரிமீட்டர் கணக்கில் தெரியும். உடைந்த ஈட்டி என்பது தெரியாது.

“இனி வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

படித்ததில் அதற்குப் பதில் இல்லை. “பயணி எழுதியதைச் சொல்வேன். பிறகு விரிசலைக் காட்டுவேன். வேட்டைக்காரர் நல்ல ஈட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது என்பேன்,” என்றேன்.

“சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள்,” என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையை விடவேயில்லை. சின்னம்மா ஜாக்கெட் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

“நியாயப்படி வேலையை எனக்கெல்லோ தந்திருக்க வேணும். பரவாயில்லை, நீயே செய். எனக்குச் சனிக்கிழமை ஃபக்டரியில ஷிஃப்ட்.”