பாரக்கல்

போன வாரம் ஜெரோம் போன் செய்தான். நான் எப்போதும் இடது காதில் வைத்துத்தான் பேசுவேன். வலது காது லாரி இன்ஜின்களுக்குக் காணிக்கையாகப் போய் வெகுகாலம் ஆகிறது.

"சித்தப்பா, வீட்டக் காலி பண்றோம். ரோடு அகலப்படுத்துறதுல பின்பக்கம் பாதி போவுது. அம்மா அந்தத் துணி தொவைக்கிற கல்ல விட்டுட்டு வரமாட்டேன்னு உக்காந்துனு இருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

ஜெரோம் என் சொந்த அண்ணன் மகன் இல்லை. அவன் அப்பா அருளப்பன் ஓசூருக்கு வெளியே, கெலமங்கலம் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். அங்கே நான் வெல்டர். அவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் மனைவி ஸ்டெல்லா எனக்கு அண்ணி ஆனார். அவர்கள் பையனுக்கு நான் சித்தப்பா ஆனேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நானோ கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் உறவு இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

நேற்றுப் போனேன். கொல்லையில் குழாயடியில் அந்தக் கல் கிடந்தது. கறுப்புக் கிரானைட். மேல்பக்கம் துணி தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்தது. நான்கு மூலையிலும் விரல் நுழைகிற அளவுக்குத் துளை. துவைக்கிற கல்லுக்குத் துளை எதற்கு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே சோப்பு இறுகியிருந்தது. நோண்டி எடுத்து முகர்ந்தால் சோப்புக்கு அடியில் துருவின் வாசனை. அந்தத் துரு, கல்லை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகளுடையது.

துரு வாசனை வந்தால் எனக்குப் பட்டறை வந்துவிடும். டீசல், கிரீஸ், வெல்டிங் புகை, பக்கத்து டீக்கடையில் பொரிக்கிற போண்டா, எல்லாம் சேர்ந்த வாசனை. வீட்டுக்குப் போனால் என் சட்டையைத் தனி வாளியில் போடச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது மோசமாகத் தெரிந்ததில்லை.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. உடைக்க வந்த லாரியின் பெரிய இன்ஜினை எடுத்துச் சின்னப் பிக்கப் வண்டிக்குள் வைப்போம். எதற்கு என்கிறீர்களா? பர்கூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளில் லாரி திரும்ப இடம் இருக்காது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி மலை ஊர்களுக்குப் போகிற பாதையும் அப்படித்தான். பிக்கப் எங்கேயும் நுழையும், ஆனால் நாலு கல்லை ஏற்றினால் மேட்டில் திணறி நின்றுவிடும். உடம்பு சின்னதாகவும் பலம் பெரிதாகவும் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அருளப்பன் அண்ணா இல்லை என்று சொன்னதே கிடையாது.

பழைய இரும்புக்கடை பசப்பாவிடம் இன்ஜின் பார்க்கப் போவோம். அவர் எங்கள் பிக்கப்பையும் அந்த ஆறு சிலிண்டர் பூதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எல்லி ஹிடிசுத்தெ சாமி?" என்று சிரிப்பார். இது எங்கே அடங்கும் என்று கேட்கிறார். "ஹிடிஸ்தீனி" என்பார் அண்ணா, அதே கன்னடத்தில். அடங்க வைக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் செயின் பிளாக்கில் இன்ஜினைத் தொங்கவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸியை வெட்டி, புதிய தாங்கிகள் வைத்து நான் வெல்டு அடிப்பேன். கியர் பாக்ஸோடு இணைக்க லேத்தில் ஒரு தட்டு கடைந்து வரும். கனம் தாங்க முன்பக்கத்துக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுவோம். கடைசியில் பானெட் மூடாது. எந்த வண்டிக்கும் மூடியதில்லை. அதையும் வெட்டி மேலே ஒரு கூரை வைத்துவிடுவேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு இன்ஜின், வண்டிக்குள் வேறு இன்ஜின். எங்களைப் பிடித்து உள்ளே வைக்காதது எங்கள் அதிர்ஷ்டம்தான்.

இப்படிச் செய்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. இன்ஜின் கனத்தில் முன்பக்கம் அமுங்கும், பின்பக்கம் லேசாகிவிடும். சுமை இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. வெறும் வண்டியாக மலை இறங்கும்போதுதான் வினை. கீழ் கியரில் வந்தால் அந்தப் பெரிய இன்ஜின் பின்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். சக்கரத்தின் மேல் பாரம் இல்லையென்றால் உருளாமல் வழுக்கும். வளைவில் வழுக்கினால் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும்.

அதற்காகத்தான் பாரக்கல். குவாரியில் கழித்துப் போட்ட பலகைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, மூலைகளில் துளை போட்டு, சுமை ஏற்றுகிற தொட்டியின் கடைசியில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவோம். வண்டி எடுக்க வருகிறவர்கள் இன்ஜினுக்குப் பூசை போடுகிறார்களோ இல்லையோ, அந்தக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எங்கள் பட்டறையில் யாரையும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இல்லை. "வெறும் வண்டியா எறங்காதீங்க" என்றுதான் சொல்லி அனுப்புவோம். முழுச் சுமை ஏற்ற இடம் வேண்டுமென்றால் கல்லைக் கழற்றலாம். ஆனால் திரும்பும்போது மண்ணோ விறகோ, எதையாவது பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும். மலை ஊர்களில் அந்தக் கவலையே இல்லை. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எப்போதும் பத்துப் பேர் ஏறிக்கொள்வார்கள். அவர்களே பாரம்.

அண்ணாவின் சொந்த வண்டியில்தான் எல்லாவற்றிலும் பெரிய இன்ஜின். வண்டி ரயில்வே கேட்டில் திரும்பும்போதே அதன் சத்தம் வீட்டில் கேட்கும். அண்ணி உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். கல் காயவும் அண்ணா வாசலில் காலடி வைக்கவும் சரியாக இருக்கும். "புருசன் வர்றத ஊருக்கே தமுக்கடிச்சுச் சொல்ற வண்டி" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். தூளியில் கிடக்கிற ஜெரோம் மட்டும் அந்தச் சத்தத்துக்கு அசையவே மாட்டான்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் மலைமேல். கொஞ்சம் கிறிஸ்தவக் குடும்பங்களும், ஓடு போட்ட ஒரு சின்னக் கோயிலும். பீடம் என்று இருந்தது ஒரு மரமேசை, கால் ஆடும். "நம்ம கல்யாணப் பூசையில ஃபாதர் கைய வெச்சாரு, மேச ஆடுச்சு. அதான் இன்னைக்கும் நம்ம குடும்பம் ஆடினு இருக்குது" என்று அண்ணி வம்புக்கு இழுப்பார். இந்தப் பேச்சு அண்ணாவுக்குள் எங்கேயோ போய்த் தைத்திருக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்குக் கல் பீடம் வைத்துத் தருகிறேன் என்று மாமியார் ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பர்கூரில் பாளம் பார்த்து, கண்ணாடி மாதிரி மெருகு போட வைத்தார். அதை மேலே கொண்டுபோக அவருடைய வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை.

ஏற்றுகிற அன்று தொட்டியில் பாளம் முழுதாக உட்கார வேண்டுமென்பதற்காகப் பாரக்கல்லைக் கழற்றினோம். போல்ட்டுகளைத் துணியில் முடிந்து கல்லின்மேல் வைத்து, "வந்ததும் மாட்டிரலாம்" என்றார் அண்ணா. எங்கள் பயம் எல்லாம் ஏறுவதைப் பற்றித்தான்.

அந்த ஏற்றத்தை நான் மறக்கமாட்டேன். வண்டி பின்னால் நழுவினால் சக்கரத்துக்குக் கீழே தள்ள ஆளுக்கொரு கட்டையோடு இரண்டு பக்கமும் ஆண்கள் நடந்தார்கள். பின்னால் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் போட்ட சத்தத்தில் "அருள் நிறைந்த மரியாயே" யாருக்கும் கேட்டிருக்காது. நடுவில் லேசாகத் தூறல். ஒரு கட்டையைக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. வண்டி கோயில் வாசலில் போய் நின்றதும் உபதேசியார் மணியை அடித்தார். யாரோ ஓடிவந்து என் பானெட் கூரைக்கு மாலை போட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

பாளத்தை இறக்கி வைத்தோம். சாயங்காலம் கொடியேற்றம். பூசைக்கு வர வேண்டிய சாமியார் கீழே தேன்கனிக்கோட்டையில் காத்திருந்தார். அவரை அழைத்து வர அண்ணா வண்டியில் ஏறினார்.

ஏறி இறங்க எப்போதும் போட்டி போடுகிற ஊர் அன்றைக்கு இறங்கவில்லை. புதுப் பீடத்தை விட்டுவிட்டு யார் சந்தைக்குப் போவார்கள்? நான் பீடத்துக்கு அடியில் இரும்புச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தேன். அண்ணி கோயில் வாசலில் உட்கார்ந்து கொடிக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரனா ஏத்தினு போங்க" என்றார் அண்ணி.

"எல்லாரும் வேலையா இருக்காங்க ஸ்டெல்லா. ஃபாதர் காத்துனு இருப்பாரு."

"கல்லாவது ரெண்டு தூக்கிப் போட்டுக்கிங்க."

"அவ்ளோ பெரிய கல்லு ஏறுச்சு, நா ஒருத்தன் எறங்கமாட்டனா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தை, சொன்னவருக்கே அன்று உறைக்கவில்லை.

மலையில் வண்டி இறங்குகிற சத்தம் உங்களுக்குத் தெரியுமா? நம் பக்கம் வளைந்தால் பெரிதாகும், அந்தப் பக்கம் வளைந்தால் சிறிதாகும். பெரிதாகிச் சிறிதாகி, பெரிதாகிச் சிறிதாகி, அடிவாரம் வரை அப்படியே போகும். கை தன் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருக்க, அண்ணி அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒரு வளைவில் சத்தம் சிறிதானது. மறுபடி பெரிதாகவில்லை.

அண்ணி பூவைக் கீழே வைத்தார். செருப்புக்கூடப் போடாமல் அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். என்ன நடந்தது என்று எங்களுக்குப் புரிந்தது அவர் நடந்ததைப் பார்த்துத்தான்.

அந்தப் பீடத்தில் வைத்த முதல் பூசை அருளப்பன் அண்ணாவின் அடக்கப் பூசை. சாமியார் கையை வைத்தார். பீடம் ஆடவில்லை.

பட்டறையை மூடினோம். சாமான்களை எல்லாம் விற்றபோது அண்ணி சுவரோரம் கிடந்த பாரக்கல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். போல்ட்டுகள் துணி முடிச்சோடு அப்படியே அதன்மேல் இருந்தன. கொல்லையில் போட்டுத் துணி துவைக்க ஆரம்பித்தார். அவர் அந்தக் கல்லில் துணியை ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசல்பக்கம் போய்விடுவேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, சைரனுக்கு உள்ளே போய் சைரனுக்கு வெளியே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். பட்டறை இருந்த இடத்தில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கிறார்கள். பசப்பாவின் இரும்புக்கடை அடுக்குமாடிக் கட்டடமாகிவிட்டது. மலைக்குத் தார் ரோடு வந்துவிட்டது. ஜெரோம் ஒரு புதுப் பிக்கப் வாங்கி ஓட்டுகிறான். கம்பெனியிலிருந்து வந்தபடியே எல்லா மேட்டிலும் ஏறுகிறது. பானெட் அழகாக மூடுகிறது. திறந்து காட்டினான், எங்கே கையை வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

சரி, குழாயடிக்கு வருகிறேன். புது வாடகை வீடு மாடியில், துவைக்க மெஷின். கல்லுக்கு இடமில்லை என்று ஜெரோம் சொன்னான். அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மாடிக்கு யார் கேட்டாங்க? உன் வண்டியில வெச்சு முடுக்கு."

"அம்மா, இது அந்த மாதிரி வண்டி இல்லம்மா. இதுக்குக் கல்லே தேவையில்ல. டீசல்தான் தின்னும்."

"தேவையில்லன்னு எனக்கும் தெரியும்டா. போடு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வந்த காரியத்தை மறந்து, "போட்ருடா" என்றேன். ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கி வைத்தோம். பழைய போல்ட்டுகள் எங்கே போயினவோ, ஜெரோம் கயிறு போட்டுக் கட்டினான். அண்ணி ஒவ்வொரு மூலையிலும் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

இன்று காலை என் வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது. ஜெரோம் இரண்டு நண்பர்களோடு கல்லை இறக்கி என் சுவரோரம் சாய்த்து வைத்தான். "மலைக்குச் சிமெண்ட் லோடு சித்தப்பா. கல்லும் சேந்தா தாங்காது. அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. புது வண்டி, நல்ல பிரேக், நல்ல ரோடு. தலையாட்டினேன். சிமெண்டை இறக்கிவிட்டுச் சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனான். அண்ணியின் ஊருக்குத்தான்.

மத்தியானம் அண்ணி போன் செய்தார். "கல்லு வண்டியில இருக்குது இல்ல?"

"அவன் நல்லா ஓட்டுவான் அண்ணி" என்றேன்.

"முன்னெல்லாம் சத்தமாவது கேக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உண்மைதான். இப்போது வண்டிகள் ஓசையில்லாமல் வருகின்றன. எந்த வளைவில் இருக்கிறது, எவ்வளவு தூரம் இறங்கிவிட்டது என்று யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. யாரும் எதையும் கேட்டு அடுப்பில் தோசைக்கல் வைக்க முடியாது. வாசலில் வந்து நிற்கிறவரை வருகிறான் என்பதே தெரியாது.

வெயில் தாழ்ந்துவிட்டது. கல் என் சுவரோரம் இருக்கிறது. வண்டி வெறுமனே இறங்கிக்கொண்டிருக்கும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேட்கிற காதைத் தெருப்பக்கம் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.