ஆஸ்கரைக் கொன்ற வாரம்

என் கணவர் ஆபீஸ் டிரெய்னிங்குக்குப் புனே கிளம்பிப் போன மறுநாள், ஹால் தொட்டியில் கான்விக்ட் ஜோடி முட்டையிட்டிருந்தது. கான்விக்ட் என்பது விரல் நீளம்கூட இல்லாத மீன். சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை பட்டையாக, ஜெயில் சட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அதுவும் தொட்டியில் இருந்த மற்ற மீன்களும் சிக்லிட் இனம். "சிக்லிட்டுக்கு ஆளைத் தெரியும், நாய்க்குட்டி மாதிரி" என்பார் அவர். அவருடைய ஆஸ்கர் அப்படித்தான் இருந்தது. முழங்கை நீளம், கறுப்பில் நெருப்புத் தீற்றிய மாதிரி உடம்பு. அவர் ஹாலில் எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணாடிக்குள் அதுவும் கூடவே வரும். நாலு வருடமாக அவர் கையிலிருந்துதான் தின்றது. இவை தவிர ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பேரட் மீன்கள். அவற்றுக்கு வாய் முழுசாக மூடாது.

நான் மீன்காரி மகள். கோவளம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தேன். அம்மா இன்றைக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பொத்தேரி காலேஜில் ஒன்றாகப் படித்தபோது அவரைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டிக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டார்கள். மீன் சாப்பிடத் தோன்றினால் அம்மாவிடம் போவேன். இரும்புலியூர் ஃபிளாட்டுக்குத் திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவேன். யாரும் சொல்லி அல்ல. அத்தை, என் மாமியார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வந்ததும் ஜன்னலை மட்டும் திறந்து வைப்பார்.

முட்டை பொரிந்ததும் அந்த ஜோடிக்கு வெறி பிடித்துவிட்டது. தொட்டியில் கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் குஞ்சுகள் கொசுக்கூட்டம் போலத் துடித்துக்கொண்டிருந்தன. முதலில் பேரட்டுகள் போயின. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் ஒன்றுக்கு வாலே இல்லை. மற்றது வயிறு திறந்து ஃபில்டரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பகல்ல பூரா நான் பார்த்துட்டே இருந்தேன்மா" என்றார் அத்தை. "தட்டித் தட்டிப் பார்த்தேன். விடல. அதால திருப்பிக் கடிக்கக்கூட முடியல, வாய் அப்படி."

போனில் அவரிடம் சொன்னேன். தொட்டி நடுவில் வைக்கப் பால்கனியில் பிளாஸ்டிக் வலைத்தடுப்பு இருக்கிறது, வைத்துவிடு என்றார். கையை உள்ளே விட்டேன். பெண் கான்விக்ட் வந்து விரலிடுக்கில் பிடித்துக்கொண்டது. இத்தனை சின்ன வாயில் இவ்வளவு வலு இருக்கும் என்று நினைக்கவில்லை. ரத்தம் புகை மாதிரி தண்ணீரில் எழுந்தது. எப்படியோ தடுப்பை ஊன்றிவிட்டேன்.

தடுப்புக்கு அடியில் இருந்த சரளையை அவை வாயால் கிளறி எடுத்துப் பள்ளம் பறித்து அந்தப் பக்கம் நுழையும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் எனக்கு லீவு. காலையில் அத்தை கூப்பிட்ட குரலில் ஓடி வந்தேன். ஆஸ்கர் மூலையில் தலைகீழாக நின்றது. ஒரு கண் இருந்த இடத்தில் வெள்ளையாகக் குழி. விலாவில் செதில் உரிந்து சதை தெரிந்தது. ஆண் ஒரு பக்கம் வந்து கொத்திவிட்டு நகர, பெண் மறுபக்கம் வந்து கொத்தியது. நினைத்தால் ஒரே வாயில் இரண்டையும் விழுங்கக்கூடிய மீன். சும்மா நின்று கடி வாங்கிக்கொண்டிருந்தது.

அதை வாளியில் மாற்றினேன். வீடியோ காலில் அவர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "உப்புப் போடு. நீல மருந்து நாலு சொட்டு விடு. ஏர் ட்யூப் போடு. நான் வர்றவரைக்கும் எப்படியாவது காப்பாத்து" என்றார். எல்லாம் செய்தேன். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. மதியத்துக்குள் விலாக் காயம் வழியாகக் குடல் போல ஏதோ வெளியே வந்தது. அப்போதும் உயிர் இருந்தது.

அத்தை வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"பிழைக்குமா?"

"பிழைக்காது அத்தை."

"இன்னும் எத்தனை நேரம் இப்படி?"

"சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். ராத்திரிகூட."

வாளிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "உங்க வீட்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"தலையில ஒரே அடி. அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

எழுந்து உள்ளே போனார். இஞ்சி, ஏலக்காய் தட்டுகிற இரும்புக் குழவியோடு வந்தார். என் கையில் கொடுத்துவிட்டு, "அடிச்சுடும்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. நான் மீனை ஈரத்துணியில் சுற்றி, கண்ணுக்குச் சற்று மேலே ஒரு அடி அடித்தேன். வால் ஒருமுறை விரிந்து அடங்கியது. அத்தை என் முதுகில் கையை வைத்தபடி நின்றார். கீழே செம்பருத்திச் செடியோரம் இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

நான் போனில் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். தாம்பரத்தில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மறுநாள் காலையில் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றார்.

"வாளி எங்க?"

"பிழைக்கலடா. துடிச்சுது. நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார் அத்தை.

"அடிச்சீங்களா?" அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் இது பழக்கம்தான், இல்ல?"

"டேய்" என்றார் அத்தை.

அவர் காதில் விழவில்லை. வலையை எடுத்து, முழங்கை நனைய உள்ளே விட்டார். ஜோடி மண்சட்டிக்குள் ஓடியது. சட்டியைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். தடுப்பைப் பிய்த்து வீசினார். ஆண் மீன் வலையில் சிக்கியதும், வலையோடு சுவரில் அறைந்தார். மறுபடி அறைந்தார். அது எப்போதோ செத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. காலண்டர் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. பெண் மீன் ஓடி ஒளியவில்லை. குஞ்சுகளுக்கு முன்னால் நின்று, வந்த வலையின் மேலேயே பாய்ந்து கடித்தது. அதைத் தரையில் உதறி, ஷூக்காலால் மிதித்தார்.  ஆயிரக்கணக்கான மீன் வெட்டுப்படுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு வாந்தி வந்தது.

மார்க்கெட்டில் அம்மாவிடம் யாராவது வம்புக்கு வந்தால், "இரு நைனா, அருவாமனைய மடக்கி வெச்சிட்டு வரேன், அப்பால பேசிக்கலாம்" என்பாள். நிஜமாகவே மடக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்து போவாள். சண்டையில் தெருவே நாறும். ஆனால் கோபத்தோடு அவள் ஒரு மத்தியைக்கூட வெட்டி நான் பார்த்ததில்லை.

அவர் வலையோடு நின்றார். சட்டையெல்லாம் தண்ணீர், செதில். தன் காலடியைப் பார்த்தார். உதடு கோணியது. அத்தை சத்தம் போடவில்லை. "குளிச்சிட்டு வந்து நீயே துடை" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, அடிச்சானா?" என்றாள். இல்லை என்றேன். நம்பாமல் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் காயம். "மீன் கடிச்சதும்மா" என்றேன். நான் பொய் சொல்வதாக நினைத்து, அன்றைக்கு முழுக்க அவரைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தார். பின்னால் அத்தை. அந்தக் குப்பத்துக்கு அத்தை வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். வெளியே படகு நிழலில் அவர் என்னிடம், "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "சொல்லிட்டீங்களே" என்றேன். தலையாட்டினார். மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அதுக்கு வலிச்சிருக்குமா?" என்றார். எந்த மீனைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. ஆஸ்கருக்கு வலித்திருக்காது என்றேன். மற்ற இரண்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று பேருமாக வீட்டுக்குத் திரும்பினோம்.

தொட்டியில் குஞ்சுகள் பிழைத்திருந்தன. அவற்றைத் தின்ன வேறு மீன் இல்லையே. அவர்தான் அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டினார். எங்கள் ஃபிளாட்டுக்குள் முட்டை வந்தது இப்படித்தான். அத்தை அதற்குத் தனி டப்பா ஒதுக்கிக் கொடுத்தார். குஞ்சுகள் நகக்கண் அளவு வந்து, பட்டை தெரிய ஆரம்பித்த ஒருநாள், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"இங்க வந்து பாரும்மா. ஒண்ணு வால ஒண்ணு பிடுங்குது."

போய்ப் பார்த்தேன். ஒன்றின் வால் ஏற்கெனவே பாதிதான் இருந்தது. என் கணவர் குனிந்து, மூக்கு தொட்டியில் படப் பார்த்துக்கொண்டிருந்தார். வலையைத் தொடவில்லை.