என் தங்கை பார்த்த கார்ட்டூன் வேலைக்காரிகள்

எட்டு வயதில், பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் கைவிட்ட காய்ச்சலை வென்றாள். புருஷன் விட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாய் மகளைக் கல்லூரி வரை கொண்டுவந்தாள். வேலை பார்க்கும் மூன்று மாடி வீட்டில், நாலு மாதம் விடாமல் நச்சரித்து, நீளக் கைப்பிடி வைத்த துடைப்பானை வாங்க வைத்தாள். கடைசியாக ஞாயிற்றுக்கிழமையை வென்றாள். என் தங்கையைத்தான் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கதையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெற்றவர்கள் போய்ப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. தங்கைக்கோ வாரம் ஏழு நாளும் வேலை. லீவு கேட்டால் வீட்டம்மா “பாக்கலாம்” என்பார். இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

வீட்டம்மாவுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் தொடர்கள் என்றால் உயிர். ஒருநாள் மத்தியானம் தங்கையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

“அக்கா, இது வீட்டு வேலைக்காரங்களப் பத்தின காதல் காமெடி. முதல் தடவை பாக்குறீங்கல்ல, மனசுல தோணுறத அப்படியே சொல்லுங்க. நான் போன்ல எடுக்குறேன்.”

“அடுப்புல பால் இருக்கு பாப்பா.”

“அத நான் பாத்துக்கிறேன்!”

அந்த வீடியோவைப் பிறகு நான் பதினொரு தடவை பார்த்தேன். டிவியில் ஓடும் தொடரும் அதில் தெரியும்: ஒரு பணக்காரப் பையன், அரண்மனை மாதிரி வீடு, மூன்று வேலைக்காரிகள். மூவருக்கும் கொசுவம் வைத்த பாவாடை. இஸ்திரி போடுகிறவன் என்பதால் எண்ணினேன், ஒரு பாவாடைக்கு முப்பத்தொரு மடிப்பு. அதைத் தேய்ப்பவன் கதி என்ன என்று யாருக்கும் கவலை இல்லை.

என் தங்கைக்கு வேறு எரிச்சல்.

“இவ ஏன் படிய கீழேருந்து மேல தொடச்சிட்டுப் போறா? எறங்கும்போது தொடச்ச எடத்துலதான கால வைக்கணும்? ஐயோ, அந்தப் பிள்ளை தட்டோட அவன் மேலயே விழுந்துட்டா! கப்பெல்லாம் போச்சு. என்னடா தம்பி, எந்திரிக்காம மூஞ்சி செவந்து கெடக்குற?”

“அக்கா, அது லவ்.”

“லவ்வு இருக்கட்டும். கண்ணாடித் துண்டு கால்ல ஏறுமே, அத யாரு கூட்டுறது? நீயா, நானா?”

பாப்பா சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. தங்கை நிறுத்தவில்லை.

“விடிஞ்சாலும் இங்கயே இருக்காளுக, அடைஞ்சாலும் இங்கயே இருக்காளுக. ஒரு நாள் லீவு கெடையாது. இதுங்களுக்குப் பெத்தவங்க, பிள்ளைங்க யாருமே இல்லையா? இதுல சிரிப்பு வேற! ம், இங்க மட்டும் என்ன வாழுதாம்?”

பாப்பா ஒரு வார்த்தை வெட்டாமல் அதை இணையத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் வீட்டம்மாவின் நாத்தனார் போன் செய்தார், “உங்க வீட்டுல லீவே கெடையாதாமே, அண்ணி?”

வந்தது வினை.

“ஊரு பூரா என் மானத்த வாங்கிட்ட! லீவு தரமாட்டேன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? பாக்கலாம்னுதான சொன்னேன்?”

“ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்கம்மா.”

“இஷ்டமில்லன்னா நாளையிலேர்ந்து வராத.”

தங்கை முந்தானையை உதறிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? பிள்ளைக்குப் பீஸ் யாரு கட்டுவா?” என்று கத்தினேன்.

“நான் என்னண்ணே பண்ணேன்? பாப்பா படத்தப் பத்திக் கேட்டுச்சு, சொன்னேன்.”

மூன்றாம் நாள் அந்த வீட்டு ஐயாவின் சட்டைகள் இஸ்திரிக்கு வந்தன. என் கடையிலிருந்து வெள்ளையாகப் போன ஆறும் ரோஜா நிறத்தில் திரும்பியிருந்தன. கொண்டுவந்த பாப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “அம்மா செவப்புப் போர்வையையும் சேத்து மெஷின்ல போட்டுட்டாங்க. அப்பா ஆபீஸ் போக மாட்டேங்கிறாரு. அக்காவ வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை லீவாம்.”

“வாயால சொன்னா ஆச்சா?” என்றாள் கடையில் இருந்த தங்கை. “எழுதித் தரச் சொல்லு பாப்பா. நாளான்னிக்கி வரேன்.”

நாளை மறுநாள் என்று அவள் சொன்னதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. பள்ளிக்கூடம் போகாதவள். அதுவரை எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல் ரேகைதான். அந்த இரண்டு நாளும் என் இஸ்திரி மேசையில், பழைய செய்தித்தாள் ஓரத்தில், நான் எழுதிக் கொடுத்த அவள் பெயரை எழுதி எழுதிப் பார்த்தாள். நடுவில் ஒரு சுழி தப்பும்போதெல்லாம் என்னைத்தான் திட்டினாள்.

சொன்ன நாளில் அவள் போனதும் வீட்டம்மா காகிதத்தை நீட்டினார். வாரம் ஒரு நாள், ஞாயிறு, முழு நாள் லீவு, சம்பளப் பிடித்தம் இல்லை. கூடவே மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். தங்கை அதன் மூடியை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

“பேனா குடுங்கம்மா.”

அவள் முதல் கையெழுத்துப் போட்ட நாள் அது: 2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.