திங்கட்கிழமை தோண்டலாம்

ஆல்வின் மரெக் எரிவாயுக் கம்பெனியில் குழாய் பதிப்பவர். பஞ்சு விவசாயத்தை விட்ட எங்கள் ஊர்க்காரர்களெல்லாம் டாலஸுக்குப் போய் ஏசி அறைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். தம்பி மட்டும் வயலை விட்டும் மண்ணை விடவில்லை என்று அவருடைய அண்ணன் லியோனர்ட் கேலி செய்வார். ஆல்வினுக்குக் கோபமே வராது. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அதைப் பெரிய குணம் என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. நானும்தான் மெச்சினேன், இப்போது என்னால் முடியவில்லை.

எங்கள் மண் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் உப்பி எழும்பும். வீட்டுச் சுவரையே பிளந்துவிடுகிற மண்ணுக்குப் பிளாஸ்டிக் குழாய் எம்மாத்திரம்? ஆல்வின் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழாயோடு குழாயைச் சேர்க்கக் கம்பெனி ஒரு கப்ளிங் கொடுத்தது. இரண்டு பக்கமும் குழாய் முனையைச் செருகி மரையைத் திருகினால், உள்ளே ரப்பர் வளையம் இறுகிக்கொள்ளும். வாயு கசியாது. ஆனால் அந்த வளையம் குழாயைப் பிடித்து வைக்காது. பலமாக இழுத்தால் குழாய் கழன்று வந்துவிடும். மண்ணுக்குள்ளே யார் வந்து இழுக்கப்போகிறார்கள் என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள். அப்படிப்பட்ட கப்ளிங்குகளை ஊர் முழுக்க அவரே புதைத்தார்.

அந்த வசந்தத்தில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கப்ளிங் நழுவி, வாயு வெடித்து, ஒரு வீடு இருந்த இடம் தெரியாமல் போனது. உள்ளே இருந்த கிழவனும் கிழவியும் போனார்கள். அதன்பிறகுதான் மாநில அரசுக்கு விழிப்பு வந்தது. பழைய கப்ளிங்குகளைத் தோண்டி எடுத்துவிட்டு, சூடேற்றி உருக்கி ஒட்டிய ஒரே குழாயாகப் போட வேண்டும் என்று உத்தரவு. மண்ணில் கருவியை விட்டுப் பார்த்து வாயு காட்டினால் அன்றைக்கே தோண்ட வேண்டும். காட்டாவிட்டால் வருஷக் கடைசிக்குள் தோண்டினால் போதும். எந்த வீடு முதலில், எந்த வீடு பிறகு என்பது ஆல்வின் பொறுப்பு.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அவர் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்சந்திலிருந்து வரும் குழாய், கொல்லைப் புல்வெளியின் நடுவே ஓடி வீட்டை எட்டும். அதன் தடத்தைப் புல்மேல் மஞ்சள் சாயத்தால் கோடு போட்டுக் காட்டினார். லியோனர்ட் வந்து பார்த்தார். வந்தது வினை.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க? சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்டா! இந்தப் புல்லுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தியே நான் ஓட்டாண்டி ஆயிட்டேன்."

"கப்ளிங்க மாத்தணும்ண்ணே. ஒரு குழிதான். சாயங்காலத்துக்குள்ள மூடிருவேன்."

"குழியா? நடுக் கொல்லையிலயா? ஜோலின் கூடாரத்துக்குள்ள டான்ஸ் ஆடுவாளா, உன் குழியில விழுவாளா? உன் மெஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் காட்டல. பூஜ்யம்."

"அப்புறம் என்ன? பூஜ்யத்துக்கு எவனாவது குழி தோண்டுவானா? திங்கட்கிழமை வாடா. நானே உனக்கு மண்ணு அள்ளிப் போடுறேன்."

ஆல்வின் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்து வண்டியில் போட்டார். வண்டியைக் கிளப்புவதற்குள் அண்ணி பெர்னடெட் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். கையெல்லாம் மாவு. இருநூறு பேருக்குக் கொலாச்சி சுடுவதை அந்த அம்மாள் வேறு யாரிடமும் விட மாட்டார். கசகசாவும் ஆப்ரிகாட் பழமும் வைத்த அந்த ரொட்டிக்காகவே எங்கள் ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வருவார்கள்.

"ஆல்வின், தோண்டிடு. இப்பவே தோண்டிடு. உங்க அண்ணன் கத்துறத நான் பாத்துக்கிறேன்."

"பயப்படாதீங்க அண்ணி. மெஷின்ல ஒண்ணுமே காட்டல."

"அது மெஷின் சொல்றது. நீ என்ன சொல்ற?"

ஆல்வின் சிரித்து மழுப்பினார்.

"அந்தக் கிழவி செத்ததிலேருந்து அடுப்பு பத்த வைக்கும்போதெல்லாம் மூச்ச அடக்கிக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லல. கூடாரம் இல்லாட்டி என்ன, சர்ச் ஹால்ல வச்சிக்கலாம்."

"திங்கக்கிழமை முதல் வேலையே நம்ம வீடுதான் அண்ணி. சத்தியமா."

 பெர்னடெட், அடுப்பில் ரொட்டி கருகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணப் படத்தில் மஞ்சள் கோடு விழக்கூடாது என்று லியோனர்ட் வெள்ளிக்கிழமை காலையில் புல்லை ஒட்ட வெட்டிவிட்டார். கோடு புல்லோடு போய்விட்டது. மத்தியானம் கூடாரம் போட வந்த பையன்கள், ஆள் இடுப்பு உயர இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். கீழே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை கூடாரத்துக்குள் நுழைந்ததுமே ஆல்வினுக்குத் தெரிந்துவிட்டது. குழாயின் தடம் அவருக்கு மனப்பாடம். அந்தத் தடத்தின்மேல் ஒரு முளை நின்றது. குனிந்து மோந்து பார்த்தார். சுட்ட இறைச்சியின் புகையைத் தவிர வேறு வாசனை இல்லை. குழாயைக் குத்திக் கிழித்திருந்தால் சீறும், சீறவில்லை. கருவி கிடங்கில் இருந்தது. பத்து நிமிஷத்தில் போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அக்கார்டியன் முழங்குகிறது, மணப்பெண் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள். சபை நடுவில் கருவியை வைத்துக்கொண்டு மண்ணைக் குத்திக்கொண்டிருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. போய் ஆடினார். அவர் மேல் எனக்குத் தீராத கோபம் இருப்பது இந்த இடத்தில்தான்.

விருந்து முடியும் நேரத்தில் மழை பிடித்தது. கோடையெல்லாம் காத்திருந்த மழை. நல்ல சகுனம் என்று கிழவர்கள் கைதட்டினார்கள். முளை குழாயைக் கிழிக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளியிருந்தது. தள்ளிய தள்ளலில் கப்ளிங்கிலிருந்து முனை நழுவிவிட்டது. மேல்மண் நனைந்து மூடிக்கொண்டதும், வாயு உள்வெடிப்புகளின் வழியே வீட்டின் அடியைத் தேடிப் போனது. காட்டிக்கொடுப்பதற்காகக் கம்பெனி வாயுவில் கலக்கிற அந்த நாற்றத்தைக் கரிசல் உறிஞ்சிவிட்டது. இதெல்லாம் பிறகு தோண்டிப் பார்த்தவர்கள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை நடக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இடி என்றார்கள். ஆல்வின் மட்டும் எழுந்து ஓடினார். அடுத்த பூசைக்குக் கிளம்புமுன் மிச்சமிருந்த கொலாச்சியைச் சுட வைக்கலாம் என்று பெர்னடெட் அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். கொல்லையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த லியோனர்ட், எரிகிற வீட்டுக்குள் கையை விட்டு மனைவியைத் தேடியிருக்கிறார். கைகள் வெந்துபோயின. பெர்னடெட் கிடைக்கவில்லை. சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

கம்பெனி விசாரித்தது. கருவி பூஜ்யம் காட்டியது, கெடு முடியவில்லை, ஆகவே ஆல்வின் விதிப்படிதான் நடந்தார் என்று சொல்லிவிட்டது. "உன் மேல ஒரு தப்பும் இல்ல ஆல்வின், வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார் மேலதிகாரி. கூடாரக்காரனைத் திட்டுவதற்கு ஊருக்கு ஒரு வாரம் போதவில்லை. ஆல்வினைத் திட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர் தொடவில்லை. வியாழக்கிழமை அண்ணி தன்னிடம் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. அது அண்ணன் காதுக்குப் போனால் அண்ணன் இல்லை, தம்பி இல்லை, எல்லாம் அன்றோடு முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

டாலஸில் தீக்காய ஆஸ்பத்திரி. லியோனர்டின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. ஆல்வின் கட்டிலோரம் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி ஊட்டினார். அண்ணன் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லாத."

"கேளுண்ணே."

"அன்னைக்கு நீ கிளம்பும்போது அவ வண்டிகிட்ட வந்தாளே. என்ன சொன்னா?"

கொலாச்சிக்குச் சர்க்கரை வாங்கிவரச் சொன்னார் என்று சொல்லிவிடலாம். அண்ணன் நம்பியிருப்பார். ஆல்வினுக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

"தோண்டச் சொன்னாங்கண்ணே. நீ கத்துனா அவங்க பாத்துக்கிறதாச் சொன்னாங்க. சர்ச் ஹால்ல வச்சிக்கலாம்னாங்க. நான்தான் கேக்கல."

லியோனர்ட் கத்தவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தம்பியின் தோளில் வைக்கப் பார்த்தார். வலியில் முடியவில்லை.

"உன்கிட்ட அப்புறம்தான் வந்திருக்கா" என்றார். "மொதல்ல என்கிட்டதான்டா வந்தா. தோண்டட்டுமேன்னு கேட்டா. போய் வேலையப் பாருன்னேன்."