கோபுரத்துக்குக் கால் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் ஃப்ளாட் வரதராஜனின் ராஜ்ஜியத்தைக் கைப்பற்றினேன்.

பதறாதீர்கள்... எல்லாம் கம்ப்யூட்டரில்தான்! ஞாயிறு தவறாமல் நாங்கள் இருவரும் என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யுத்தம் செய்கிறோம். மந்திரவாதி, பறக்கும் நாகம், குள்ளர் படை எல்லாம் உள்ள விளையாட்டு. ஒருவர் படையை நகர்த்தும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வரதராஜன் ஓரக்கண்ணால் பார்ப்பார், அது வேறு விஷயம்.

அவர் பேங்க் அதிகாரி. எங்கள் ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்ஸ் அசோசியேஷனின் செயலாளரும் அவரே. விளையாட்டிலும் அதே ஜாக்கிரதை புத்தி. கிடைக்கிற தங்கத்தையெல்லாம் கோட்டையில் கொட்டுவார். சுவர், சுவரைச் சுற்றி அகழி, மூலைக்கு மூலை அம்பு விடும் கோபுரம்... படை? பேருக்கு நாலு ஈட்டிக்காரர்கள்.

"எங்கே, உள்ள வாங்கோ பார்க்கலாம்!" என்று சவால் வேறு.

நான் ஏன் உள்ளே போகிறேன்? கோட்டைப் பக்கம் என் படை தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வெளியே இருந்த அவருடைய தங்கச் சுரங்கத்தைப் பிடித்தேன். மரக்கிடங்கைப் பிடித்தேன். அத்தனை கோபுரங்களும் பார்த்துக்கொண்டு நின்றன. அம்பு எட்டாத தூரத்தில் நடப்பதற்கு அவை என்ன செய்யும்? பாவம், கால் கிடையாதே! கடைசியில் நான் சுவரை இடித்தபோது, அதைப் பூசக்கூட அவரிடம் தங்கம் இல்லை.

கோட்டை தோல்வியைத் தள்ளிப்போடும். ஜெயிக்க வேண்டுமென்றால் படை கிளம்பியாக வேண்டும். இதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது.

வரதராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னும் ரெண்டு கோபுரம் கட்டியிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

விளையாட்டோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இந்தக் கோடையில் தண்ணீர் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியாததா? லாரி வந்து, தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பை நிரப்பினால்தான் எங்களுக்குக் குளியல். பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்துவிடுகிறார்கள் என்று செயலாளர் நடவடிக்கை எடுத்தார். சம்ப்புக்கு இரும்பு மூடி. மூடிக்குப் பூட்டு. சாவி அவர் பூணூலில். போதாதென்று பெரிய கேட்டுக்குப் பட்டப்பகலிலும் சங்கிலி. நாங்கள் எல்லோரும் சின்ன கேட் வழியாகக் குனிந்து போய் வந்தோம்.

வியாழக்கிழமை காலை குழாயில் காற்றுதான் வந்தது. சம்ப்பைத் திறந்து பார்த்தால், அடியில் கொஞ்சம் சேறும் ஒரு தவளையும். தவளை பத்திரமாக இருந்தது.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கீழ் ஃப்ளாட்டில் வரதராஜனின் ஒரே மகள் பத்மாவுக்கு வளைகாப்பு. தஞ்சாவூரிலிருந்து சம்பந்தி வீட்டார் அன்று ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். அண்டாக்களை இறக்கிய சமையல்காரர், "தண்ணி எங்கே மாமா?" என்று கேட்கிறார்.

வரதராஜன் கையில் பூட்டோடு நின்றார். "யாரோ எடுத்துண்டு போயிருக்கா சார். ரெண்டு பூட்டா போட்டிருக்கணும்."

"அப்பா, போன் பண்ணி யாரும் வரவேண்டாம்னு சொல்லிடலாம்ப்பா" என்றாள் பத்மா. குரல் உடைந்துவிட்டது. எத்தனை ஆசையாகக் காத்திருந்த பெண்!

என் மனைவி கல்யாணிக்கோ கோபம் வந்தது. "இங்கே நின்னு பூட்டைப் பத்திப் பேசினா தண்ணி வந்துடுமா? லாரி எங்கே இருக்குன்னு போய்ப் பார்ப்போம்." பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரேன் மாமி." பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மற்ற ஃப்ளாட் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரிசையில் நான். இரண்டு தெரு தள்ளி லாரியைப் பிடித்தோம். பிள்ளைத்தாச்சி தலைமையில் படை வருவதைப் பார்த்த டிரைவர் பீடியைக் கீழே போட்டார்.

"எங்க தெருவுக்கு ஏன்ணா வரலை?" என்று கேட்டாள் பத்மா.

"யாரு வர்ல? முந்தாநேத்தே வந்தேன் தாயி! ஆரன் அட்ச்சு அட்ச்சு பார்த்தேன். கேட்டுல சங்கிலி மாட்டிக் கீது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. போய்ட்டேன்."

கேட்டீர்களா கதையை! தண்ணீரைத் திருட வருகிறவனுக்காகப் போட்ட சங்கிலி, தண்ணீரையே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஹாரன் எங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆழ்வார்பேட்டையில் ஹாரன் சத்தத்துக்கெல்லாம் யார் எழுந்து வருகிறார்கள்?

"நாளைக்கு எனக்கு வளைகாப்புண்ணா" என்றாள் பத்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

"இன்னா தாயி நீ... இத்த மொதல்லயே சொல்றதில்ல? அடுத்த லோடு உனுக்குத்தான். கேட்ட மட்டும் தொறந்து வெச்சிக்கினு இரு."

மதியத்துக்குள் சம்ப் நிரம்பி வழிந்தது. லாரிக்காகச் சங்கிலியைக் கழற்றி, கேட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர் சாட்சாத் செயலாளர்தான்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு ஜோராக நடந்தது. பத்மா முழங்கை வரை வளையல் குலுங்க ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பார்க்கவே நிறைவாக இருந்தது.

பந்தியில் வரதராஜன் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஒத்துக்கறேன் சார். பேரனோ பேத்தியோ, பொறந்ததும் முதல்ல படை நடத்தத்தான் கத்துக் கொடுக்கப் போறேன்."

"இனிமே என்னத்தைக் கத்துக் கொடுக்கிறது? அதுதான் நேத்தே அம்மாவோட போய் ஜெயிச்சுட்டு வந்துடுத்தே!" என்றேன்.