கிண்ணத்தில் விழும் சத்தம்

வாணலியிலிருந்து ஒரே ஒரு உருண்டையை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறார் செங்கம்மா. கொண்டைக்கடலை அளவு உருண்டை. விழுந்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் ஈரம் கீது" என்று அதைத் திரும்ப வாணலியில் போட்டுக் கிளறுகிறார்.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து அவர் காயவைத்திருந்ததை வடகம் என்று நினைத்து நான் ஒருமுறை கையில் எடுத்துவிட்டேன். "வாயில போட்டுக்காத சார், அது மோமோவுக்கு" என்றார். மோமோ அவருடைய நாய். உடம்பெல்லாம் வெள்ளை; மூக்கில் மட்டும் கரியைத் தொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

களை பறித்துக்கொண்டிருந்த செங்கம்மா, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு அங்கே குடியிருந்த ஒரு ஜப்பான் குடும்பத்தின் வீட்டு வேலைக்குப் போனார். நான்கு வருடம் கழித்து அவர்கள் ஊர் திரும்பும்போது, நாயின் இதயம் விமானப் பயணத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டுச் சின்னப் பெண் நாயையும் அதன் கிண்ணத்தையும் செங்கம்மாவிடம் கொடுத்துக் குனிந்து வணங்கினாள். "நம்ம கும்புட்ற மாதிரிதான் சார். ஆனா ரொம்ப நேரம் தலய தூக்கல."

கிண்ணத்தில் கலகலவென்று விழும் பாக்கெட் தீனி ஒரு மாதத்தில் தீர்ந்தது. பால்சோறு வைத்தார், முட்டை வைத்தார், எலும்பு வைத்தார். மோமோ முகர்ந்துவிட்டு வாசற்படியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான்கு நாள் அப்படியே. ஷிஃப்ட் ஆட்களுக்கு ஆட்டோ ஓட்டும் கணவர் திருவேங்கடம், "ஜப்பான் பாசையில கூப்டும்மே, துன்னும்" என்றார். ஐந்தாம் நாள் மதியம், முறத்திலிருந்த கொண்டைக்கடலையைச் செங்கம்மா குண்டானில் கொட்டினார். துணி மாதிரி கிடந்த நாய் துள்ளி ஓடி வந்தது. குண்டானுக்குள் எட்டிப் பார்த்தது. கடலை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனது.

"அப்பதான் சார் புரிஞ்சுது. அதுக்குப் பசி வவுத்துல இல்ல, காதுல கீது."

அன்றிலிருந்து நாகபூஷணத்தின் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்கிறார். ஈரலைக் கட்டைவிரலால் அழுத்துவார். பள்ளம் உடனே மேலே எழும்பி வரவேண்டும். "மள்ளீ குக்ககேனா?" என்று கடைக்காரர் தெலுங்கில் சீண்டுவார், மறுபடி நாய்க்குத்தானா என்று. "நாய்க்குதான். நேத்து குடுத்ததுல பித்தம் ஒட்டிக்கினு இருந்துச்சு. உன் ஊட்டுக்கா இருந்தா அப்டி அறுப்பியா?"

ஈரலை வேகவைத்து மசித்து, கேழ்வரகு மாவும் வெந்த பரங்கிக்காயும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி வெயிலில் காயவைத்து வறுப்பார். உப்பு கிடையாது. வெங்காயம் நாய்க்கு ஆகாது. முதல் தடவை உருட்டியவை சத்தமில்லாமல் விழுந்தன. மோமோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவை புளியங்கொட்டையாக இறுகிப்போய், ஓடி வந்த நாய் கடிக்க முடியாமல் துப்பியது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து என்ற பதம் வர பதினொரு நாள் ஆயிற்று. திருவேங்கடம் வாணலியை எட்டிப் பார்த்து, "எனக்கு எப்பனா இப்டி வறுத்துப் போட்டுக்கீறியா?" என்றார்.

உச்சிவெயிலில் காக்காய் ஓட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பார். தூரத்துத் தொழிற்சாலைக் கூரைகள் ஏரித் தண்ணீர் மாதிரி தளும்பும். ஓலைத் தட்டியின் நிழலில், அவர் மடியில் தலை வைத்து மோமோ தூங்கும். தூக்கத்தில் அதன் கால்கள் ஓடும். "எங்க ஓடிக்கினு கீற? அவ்ளோ தூரமா?" என்று கேட்டு வயிற்றைத் தடவுவார். கால்கள் மெல்ல நிற்கும்.

இந்த ஆடியோடு அதற்குப் பன்னிரண்டு வயது. காது போய்விட்டது. உருண்டைகளைக் கொட்டினாலும் வாசற்படியிலேயே கிடக்கிறது. மூக்கருகில் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை. திருவேங்கடம் இப்போது கேலி பேசுவதில்லை. "உட்டுடும்மே. வயசாய்டுச்சு" என்றார் நேற்று. செங்கம்மா இன்றைக்கும் சத்தம் பார்த்துப் பார்த்துத்தான் வறுத்தார்.

ஆறியதும் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து, மோமோவின் முன்னங்காலை எடுத்து அதன் விளிம்பில் பாதம் படும்படி பிடித்துக்கொண்டார். மறுகையால் ஒரு உருண்டையைச் சற்று உயரத்திலிருந்து விட்டார். பாதத்துக்குக் கீழே விளிம்பு அதிர்ந்தது.

காது அசையவில்லை. மூக்கு நிமிர்ந்தது.

பிடித்த காலை விடாமல், இன்னொன்றை விட்டார்.